அரசர் விரலுக்குள் அடங்கிய பாதை

மோட்டார் வண்டி என்ற பேச்சே உலகத்தில் இல்லாத முன்னொரு காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அதை சிம்மவாகனர் என்ற மகாராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் அவர் மனதில் ஒன்று தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். அவருடைய தலைநகரம் மேற்கே கோட்டையில் தொடங்கிக் கிழக்கே துறைமுகத்தில் முடிந்தது. நீளம் ஒன்பதாயிரத்து அறுநூறு தப்படி. அத்தனை பெரிய ஊருக்கு ஒரே ஒரு ராஜவீதி. பொதி வண்டி, பல்லக்கு, யானை, கல்யாண ஊர்வலம், சந்தைக்குப் போகும் ஆட்டு மந்தை எல்லாம் அதிலேயே போய் வந்தன.

ஒரு நாள் துறைமுகத்தில் ஒட்டகச்சிவிங்கியோடு ஒரு கப்பல் வந்து நிற்பதாகச் சேதி வந்தது. பார்த்தே தீருவேன் என்று அரசர் தேரில் ஏறினார். நடுவழியில் ஓர் உப்பு வண்டிக்கு அச்சு முறிந்து, அதன் பின்னால் முந்நூறு வண்டிகள் நின்றன. அரசர் துறைமுகம் போய்ச் சேர்ந்தபோது கப்பலும் இல்லை, ஒட்டகச்சிவிங்கியும் இல்லை.

மறுநாள் சபை கூடியதும் ஊரின் வரைபடத் துணியைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு முழ நீளத்தில், ஓர் ஓரத்தில் கோட்டையும் மறு ஓரத்தில் துறைமுகமும் எழுதிய துணி அது. அரசர் செஞ்சாந்துக் கிண்ணத்தில் சுட்டுவிரலைத் தோய்த்து, கோட்டையிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார்.

"இது விரைவண்டிப் பாதை. இதில் ஊர் ஜனங்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் மட்டுமே ஓட வேண்டும். வேறு எந்த வண்டியும் உள்ளே நுழையலாகாது. என் தேரும்கூட" என்றார்.

சபையில் எல்லோரும் தலையாட்டினார்கள். பிரதானி வல்லபராயர் மட்டும் எழுந்து நின்றார். அவருக்கு விகடகவி நல்லாண்டானைக் கண்டால் வயிறு எரியும். வேறொன்றும் இல்லை, போன திருவிழாவில் அரசர் பக்கத்தில் உட்கார வைத்து வெற்றிலை மடித்துக் கொடுத்தது நல்லாண்டானுக்கு. பிரதானிக்குக் கிடைத்தது வெறும் புன்னகை.

"அரசே, இந்தப் பணிக்கு நல்லாண்டானைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஜனங்களோடு பழகியவர். தங்கள் திருவிரல் கிழித்த கோட்டுக்கு வெளியே பாதை ஒரு மயிரிழையும் போகலாகாது. பாதையோரம் குடியிருப்பவர் ஒருவர்கூட மறுப்புச் சொல்லலாகாது. அடுத்த பௌர்ணமிக்குள் இவை இரண்டும் கைகூடாவிட்டால், அவர் இந்த ராஜ்யத்தை விட்டுப் போய்விட வேண்டும்" என்றார்.

அரசருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அப்படியே ஆகட்டும் என்று முத்திரை வைத்துவிட்டார்.

நல்லாண்டான் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. கோட்டின் நடுமத்தியில் நெசவாளர் தெரு இருப்பது அவனுக்குத் தெரியும். நாற்பது வீடுகள். அவன் போய்ச் சேர்வதற்குள் பிரதானியின் ஆட்கள் அங்கே முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நெசவாளர்களின் பெரியதனக்காரர் மாசிலாமணி தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவன் முன்னால் நின்றார். கோபப்படவில்லை. அதுதான் நல்லாண்டானுக்கு அதிகம் வலித்தது.

"பாவு நீட்ட எங்களுக்குத் தெருதாங்க வேணும். இங்க வண்டி ஓடுச்சுன்னா நூலை எங்க கொண்டு நீட்டுறது, ஆகாசத்துலயா?" என்று கேட்டார்.

தெருவுக்கு ஒன்றும் ஆகாது என்று நல்லாண்டான் வாக்குக் கொடுத்துவிட்டான். எப்படி என்று அவனுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். துணியின் மூலையில் நில அளவைக்காரர் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார். அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு தன் விரலை அரசரின் செஞ்சாந்துக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தான். தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் உட்கார்ந்த இடத்திலேயே நெசவாளர் தெருவை விட்டு விலகி வடக்கே வளைத்து ஒரு பாதையும் போட்டு, தன்னை விடக் கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சந்தைத் திடலில் ஊரைக் கூட்டி அதைக் காட்டினான். ஜனங்கள் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரிக்க, கூட்டம் முழுவதும் சிரித்தது. மீன் விற்கும் முத்துப்பேச்சி கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"விகடரய்யா, நீங்க போட்ட வழியில ஐப்பசி மாசம் கழுத்தளவு தண்ணி நிக்கும். வண்டிக்குப் பதிலா தோணி விடுவீகளோ?"

மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவனுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது புதிது. காது சூடேறியது. ஆனாலும் வரைபடத்தை அவள் கையிலேயே கொடுத்து, தண்ணீர் நிற்காத வழியைக் காட்டச் சொன்னான். அவளுக்குப் படம் புரியவில்லை. "வாங்க, நடந்தே காட்டுறேன்" என்றாள். அன்று முதல் பத்து நாட்கள் ஊரோடு சேர்ந்து அவன் ஊரை நடந்தான். வளையல்காரர் ஒருவர் மண் இளகும் இடத்தைக் காட்டினார். மருத்துவச்சி ஆவுடையம்மாள், பிரசவ வலி என்று ஆள் வந்தால் தான் எந்த முக்கில் நின்று வண்டி பிடிக்க முடியும் என்பதைக் காட்டினாள். நெசவாளர் தெருவுக்கு எண்பது தப்படி தெற்கே தள்ளினால் மேடான நல்ல நிலம் இருந்தது. அது பிரதானியின் மாந்தோப்பின் ஓரம்.

இதையெல்லாம் கேள்விப்பட்ட வல்லபராயர் சும்மா இருப்பாரா? அடுத்த கூட்டத்துக்குத் தன் ஆட்கள் இருபது பேரை அனுப்பினார். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு, வண்டி எங்கள் வாசலில் நிற்காவிட்டால் சம்மதம் கிடையாது என்று பேசினார்கள். பேச்சு தீயாகப் பரவியது. எதிர் வீட்டில் நின்றால் என் வீட்டிலும் நிற்கட்டும் என்றார்கள் மற்றவர்கள். மாலைக்குள் நிறுத்தங்கள் நூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டன.

நல்லாண்டான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. அப்படியே நடத்திப் பார்ப்போம் என்று மறுநாள் காலை ஒரு வண்டியைப் பூட்டி, அதிகமாகச் சத்தம் போட்டவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டை வாசலிலிருந்து புறப்பட்டான். வண்டி ஒவ்வொரு வாசலிலும் நின்றது. நின்று கிளம்பி, கிளம்பி நின்று, காளைகளே சலித்துப்போய்த் திரும்பிப் பார்த்தன. அதே நேரத்தில் கோட்டை வாசலில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு நடந்து கிளம்பிய முத்துப்பேச்சி, துறைமுகம் போய், கூடையை நிரப்பிக்கொண்டு, எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தாள். வண்டி அப்போதுதான் ஐம்பத்து மூன்றாவது வாசலில் நின்றது.

"இன்னும் இங்கனதான் இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள்.

வண்டியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக் கூட்டத்தில் நிறுத்தங்கள் ஒன்பதாகக் குறைந்தன. குறைத்தது நல்லாண்டான் அல்ல, அவர்களேதான். அத்தோடு விடவில்லை. தலையில் கூடையோடு எப்படி ஏறுவது என்று முத்துப்பேச்சி கேட்டதால், வண்டியின் தட்டு உயரத்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கல்மேடை கட்டுவது என்று ஆயிற்று. ஏணியும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம், கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் வாசற்படி தாண்டுவது போல உள்ளே போகலாம். மீன் கூடைகளுக்கு மட்டும் பின்னால் தனி வண்டி. எல்லாம் முடிந்ததும் நெசவாளர்கள் கொடுத்த வெள்ளைத் துணியில் பாதையோரத்துக் குடிகள் அத்தனை பேரும் மையில் தோய்த்துப் பெருவிரல் ரேகை வைத்தார்கள்.

பௌர்ணமி அன்று சபையில் எள் விழ இடமில்லை. மாசிலாமணியும் முத்துப்பேச்சியும் கடைசியில் தூண் ஓரமாக நின்றார்கள். வல்லபராயர் அளவு கயிறும் கையுமாக வந்து, முளைகள் எல்லாம் இடம் மாறிவிட்டன என்றும், அரசர் நேராக இழுத்த கோடு இப்போது ஐந்து இடத்தில் பாம்பாக நெளிகிறது என்றும், இது ராஜ துரோகம் என்றும் விரிவாகச் சொன்னார். அரசரின் முகம் சிவந்தது.

"நல்லாண்டா, என் கோட்டுக்கு வெளியே போனாயா?"

"இல்லை அரசே. ஒரு மயிரிழைகூடப் போகவில்லை" என்றான் நல்லாண்டான். வரைபடத்தை அரசரின் காலடியில் விரித்து, மூலையில் இருந்த எழுத்தைப் படிக்கும்படி நில அளவைக்காரரைக் கேட்டுக்கொண்டான். ஒரு விரல் அகலத்துக்கு இருநூறு தப்படி என்று அவர் படித்தார்.

"அரசே, தாங்கள் கோடு கிழித்தது ஊசியால் அல்ல, விரலால். ஆகவே தங்கள் கோடு இருநூறு தப்படி அகலம். அதற்குள் மூன்று தெருக்களும் ஒரு குளமும் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு, பாதை போகும் விதமாகவே ஒரு நூலிழையைச் செஞ்சாந்துக் கோட்டின்மேல் வளைத்து வைத்தான். நூல் ஐந்து இடத்தில் நெளிந்தது. ஓர் இடத்திலும் சிவப்பைத் தாண்டவில்லை.

அரசர் குனிந்து பார்த்தார். தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"அரசர் கருதியது கோட்டின் நடுவை மட்டுமே" என்றார் வல்லபராயர் அவசரமாக.

"அப்படியானால் அரசரின் விரலில் நடுப்பகுதி மட்டும் ஆணை, இரண்டு ஓரங்களும் வீண் என்று பிரதானி சொல்கிறார். எந்த ஓரம் அதிக வீண் என்பதையும் சபையில் சொல்லிவிட்டால் நலம்" என்றான் நல்லாண்டான்.

சபை அடக்கிக்கொண்டு சிரித்தது. வல்லபராயர் விடவில்லை. குடிகள் ஒருவரும் மறுக்கலாகாது என்பது இரண்டாவது நிபந்தனை அல்லவா, பாதை என் தோப்பின் ஓரமாகப் போகிறது, நான் மறுக்கிறேன், ஆகவே விகடகவி தோற்றான் என்றார்.

"பாதையோரம் குடியிருப்பவர் என்பது பிரதானியின் சொல். தோப்பில் குடியிருப்பவர்கள் காவல்காரரும் அவர் மனைவியும்தான். இருவரும் ரேகை வைத்திருக்கிறார்கள். பிரதானி குடியிருப்பது கோட்டைக்குள்ளே" என்றான் நல்லாண்டான்.

"நானும் தோப்பில்தான் குடியிருக்கிறேன்" என்று வல்லபராயர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"மிக்க மகிழ்ச்சி. கோட்டைக்குள் இருக்கும் மாளிகையை இன்றைக்கே காலி செய்துவிடும். குதிரைப்படைத் தலைவர் வெகுநாளாக ஒரு மாளிகை கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார் அரசர்.

யோசித்துப் பார்த்தால் தான் கோட்டைக்குள்தான் குடியிருப்பதாகவும், பாதையில் தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றும் வல்லபராயர் மெல்லிய குரலில் சொல்லி உட்கார்ந்தார். அதற்குமேல் அரசரால் அடக்க முடியவில்லை. மகுடம் சரியச் சரியச் சிரித்தார். கடைசியில் நின்றிருந்த மாசிலாமணி சிரிக்கவில்லை. அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லாண்டான் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஐப்பசிக்கு முன்னால் பாதை தயாராகிவிட்டது. முதல் நாள் அரசரே கல்மேடையில் நின்று வண்டி ஏறி, ஆவுடையம்மாளுக்கும் சேவல் வைத்திருந்த ஓர் ஆளுக்கும் நடுவில் உட்கார்ந்து துறைமுகம் வரை போனார். போட்ட வெற்றிலை வாயில் கரைவதற்குள் கடல் தெரிந்தது. அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், தன் தோளில் இருந்த சரிகைப் பொன்னாடையை எடுத்து நல்லாண்டானுக்குப் போர்த்தி, விரைவண்டிப் பாதைக்கு இனி இவனே அதிகாரி என்று அறிவித்தார்.

பொன்னாடையோடு நல்லாண்டான் வீட்டுக்குத் திரும்ப அடுத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தான். ஊரே பார்க்கட்டும் என்று கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர் பொன்னாடையை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் அதிகாரியாமே? ஏழாவது நிறுத்தத்துல வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு கூரை போடக் கூடாதா?" என்றார்.

முன் வரிசையில் இருந்தவர்களும் திரும்பினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று சொல்ல இருந்தது. நல்லாண்டான் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஓலையையும் எழுத்தாணியையும் கையில் எடுத்தான்.