மிளகியோட வீங்கின கன்னம்

ஒரு ஊர்ல ஒரு குரங்குப் பள்ளிக்கூடம். அத்திமரத்துல கிளைக்குக் கிளை தொங்கிக்கிட்டே பிள்ளைங்க படிக்கும். அங்க ஒரே ஒரு சட்டம். எது கிடைச்சாலும் மத்தியானம் பொதுப் பானையில போட்டுப் பங்கு வைக்கணும். கன்னத்துல அடக்கிக்கிட்டா மரத்த விட்டே வெரட்டிடுவாங்க. ம் கொட்டு. ஆங்.

அங்க மிளகின்னு ஒரு குட்டி. ஒருநா காலையில எந்திரிச்சு வர்றா, ரெண்டு கன்னமும் புஸ்ஸுனு பூரி மாதிரி உப்பியிருக்கு. "வலிக்குது, ஒடம்பு சுடுது"ங்கறா. யார் கேக்கறா?

அப்போ பக்கத்துக் கிளை சுள்ளான் தொபுக்குனு குதிச்சு வந்தான். "ஏ மிளகி, தனியா என்னடி திங்கற? ஆ காட்டு." மூக்கோட மூக்கு இடிக்க எட்டிப் பாத்தான். ஒண்ணுமில்ல.

அப்புறம் சட்டாம்பிள்ளை நெட்டைவாலி. "தள்ளுடா, உனக்குப் பாக்கத் தெரியல"ன்னு வெரல உள்ள விட்டுத் தொழாவினான். ஒண்ணுமில்ல. கடலை ருசி இருக்கான்னு அந்த வெரலையே நக்கியும் பாத்தான். சீங்கறியா? குரங்குதானே கண்ணு.

அப்புறம் செம்பட்டை வாத்தியார் குனிஞ்சு பாத்தார். மிளகி லொக்கு லொக்குனு அவர் மூஞ்சியிலயே இருமிட்டா. தொடச்சுக்கிட்டு, "பலே கள்ளி, எங்கயோ அடக்கிட்டா. ஆத்துக்கு அந்தாண்ட புளியமரத்துக்குப் போ. துப்பினாத்தான் இங்க எடம்"னுட்டார்.

பாவம், தனியா உக்காந்து அழுதா, தண்ணி குடிச்சா, தூங்கினா. காய்ச்சல் விட்டுச்சு. கன்னமும் வத்திச்சு. சந்தோஷமா ஓடி வந்தா, வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா, முழுங்கிட்டா." திரும்பவும் போன்னுட்டார்.

பௌர்ணமி நிலா தேஞ்சு அமாவாசை வந்துச்சு. அப்போ சுள்ளான் கன்னம் புஸ். நெட்டைவாலி கன்னம் புஸ். வாத்தியார் கன்னமும் புஸ். அவர் வாய்க்குள்ள பாக்கப் பள்ளிக்கூடமே வரிசை கட்டி நின்னுச்சு. "நான் எதையும் ஒளிக்கலடா"ன்னு அவர் அழாத குறை.

ம் சத்தத்தக் காணோமே. முழிச்சிருக்கியா?

மிளகி அக்கரையிலேருந்து பாத்துக்கிட்டே இருந்தா. தன் வாய்கிட்ட வந்த மூணு பேருக்கும் வீங்கியிருக்கு. அதே வகுப்புல குண்டன்னு ஒருத்தன், அன்னிக்கு எட்டிப் பாக்கச் சோம்பல்பட்டவன், அவனுக்கு ஒண்ணுமில்ல. "எல்லாரும் தள்ளிப் போங்க"ன்னு கத்தினா. "அது கடலை இல்ல, நோவு. எட்டிப் பாக்கப் பாக்க ஒட்டிக்கும். வீங்கினவங்க தனித்தனிக் கிளையில படுங்க." நாம பொன்னுக்கு வீங்கிங்கறோமே, அதான்.

அப்புறம் ஆத்தத் தாண்டி வந்து, வாழைப்பழத்த மசிச்சு, எலையில வச்சு, கிளை கிளையா கொண்டு போனா. "உனக்கு ஒட்டிக்காதா?"ன்னான் சுள்ளான். "எனக்குத்தான் வந்து போயிடுச்சே"ன்னா. வரிசையில நின்னவங்கள்ல சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சு வீங்கிச்சு. அதோட நின்னுச்சு.

வாத்தியார் கிளைக்கும் போனா. அவர் கன்னம் ரெண்டும் தேங்கா மாதிரி. "தப்பு என்னோடதும்மா. நாளைக்கே வகுப்புக்கு வந்துடு"ன்னார் கொழகொழன்னு.

"நான் வர்றேன் சார். கன்னம் வத்துற வரைக்கும் நீங்கதான் வரக் கூடாது"ன்னா மிளகி.

வாத்தியார் சரிம்மான்னு தலையாட்டினார். ஆட்டினதுல இன்னும் வலிச்சுது.

அவ்வளவுதான் கதை. குரங்கெல்லாம் கிளைக்கு ஒண்ணாத் தூங்கியாச்சு, நீயும் கண்ண மூடு.