அனல் காற்றில் தளர்ந்த தந்தி

"மேடையில கைதட்டுறாங்க. எனக்குத்தான் ஒண்ணுமே தோண மாட்டேங்குது," என்றார் சவரிராஜ்.

நாகப்பட்டினத்து மெல்லிசைக் குழு ஒன்றில் இருபத்தாறு வருடமாக மவுத் ஆர்கன் வாசிப்பவர். இரண்டு பஸ் மாறி, வேதாரண்யத்துக்கு அப்பால் இருந்த உப்பளத்துக்கு வந்திருந்தார்.

கொட்டகை நிழலில் அவர் எதிரே உட்கார்ந்திருந்த செங்கமலத்துக்கு அவரைவிட இருபது வயது குறைவு. உப்பு வாருகிறவள். மதிய இடைவேளையில் துந்தனா மீட்டுவாள். ஒரு சுரைக்குடுக்கை, ஒரு மூங்கில், ஒரே தந்தி. மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவதாகப் பேச்சு.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"தெரியல. ஒருநாள் வாயில வச்சேன். தகரந்தான் ருசிச்சுது."

"ம்."

"இன்னிக்கும் அப்படித்தான்னா, இந்த மவுத் ஆர்கனை இங்கேயே தண்ணியில போட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

செங்கமலம் ஓரத்துப் பாத்தியைக் கை காட்டினாள்.

"அதுல கொஞ்சம் ஆழம்."

அவர் எழுந்திருக்கவில்லை.

உச்சி வெயிலில் பாத்திகளுக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூரத்து உப்புக் குவியல்கள் தரையில் படாமல் மிதந்தன.

அவள் தந்தியைத் தட்டினாள். ஒரே சுரம். மறுபடி அதே சுரம்.

பழக்கத்தில் சவரிராஜ் மவுத் ஆர்கனை எடுத்து அந்தச் சுரத்தைத் தேடினார். ஒரு துளையில் சுரம் மேலே நின்றது. இன்னொன்றில் கீழே நின்றது. நடுவில் துளை இல்லை.

"உங்க தந்தி சுருதியில இல்லம்மா. கொஞ்சம் முறுக்குங்க."

"முறுக்குனா அறுந்துடும்ண்ணே."

"அப்ப எப்படிச் சேர்றது?"

அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நாக்கைத் தாழ்த்தி, இன்னும் கொஞ்சம் இழுத்தார். சுரம் வளைந்து இறங்கியது. மேடையில் இப்படி வாசித்தால் பிசிறு என்பார்கள்.

இரண்டு சத்தங்களும் ஒன்றோடொன்று உரசிப் படபடத்தன. மெல்ல மெல்லப் படபடப்பு அலையாக நீண்டது. பிறகு அலையும் இல்லை. எது தந்தி, எது மூச்சு என்று அவருக்குத் தெரியவில்லை.

கை மயிர் சிலிர்த்தது.

அதற்குள் சுரம் நழுவியது. அனல் காற்றில் தந்தி தளர்ந்துகொண்டிருந்தது. அவர் பின்னாலேயே இறங்கிப் பிடித்தார். திரும்ப நழுவியது. திரும்பப் பிடித்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் துளைகளுக்குள் புகுந்து நாலு சுரமாக வெளியே வந்தது. செங்கமலம் அதற்கும் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் அதற்குப் பதில் வாசித்தார். பிறகு யார் கேட்கிறார்கள், யார் பதில் சொல்கிறார்கள் என்பது கலைந்துபோனது. கொட்டகையும் உப்பும் எங்கோ போயின. உதடு எரிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

இடைவேளை முடிந்து பெண்கள் பாத்திக்குத் திரும்பினார்கள். ஒருத்தி கொட்டகை அருகே நின்றாள்.

"என்ன பாட்டுண்ணே இது?"

சவரிராஜ் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தார். யோசித்துப் பார்த்தார்.

செங்கமலத்தின் விரல் மறுபடி தந்தியைத் தொட்டது.

"இன்னும் முடியலம்மா," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, திரும்ப வாயில் வைத்தார்.