கொம்பு அரும்புது

"சாமி, குட்டிக்குக் கொம்பு அரும்புதுங்க" என்றாள் பூவாத்தாள்.

சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய சேதி. அவள் சொன்னது, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் முற்றிவிட்டது என்பதுபோல இருந்தது.

சாமி வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வயதில் அவளுக்குப் பிள்ளை மாதிரி. ஆனாலும் அவர் காலில் விழுந்துதான் இந்த மலையடி ஆசிரமத்தில் வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு ஒரே மகன். மீசை அரும்பின வருஷம் வீட்டை விட்டுப் போனவன். போன இடம் தெரியாது. இருக்கிறானா என்பதும் தெரியாது. அவள் கும்பிடாத தெய்வம் இல்லை. கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து, மனசு அடங்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சாமி எழுந்து வெளியே போனார். தாயைச் செந்நாய்க்குப் பறிகொடுத்துவிட்டு வேலியோரம் நடுங்கிக் கிடந்த மான்குட்டியைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார்.

ஆட்டுப்பால் ஊட்டி வளர்த்தாள். பெயர் மட்டும் வைக்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்ற பயம். அவள் சேலைத் தலைப்பின் மேல்தான் அது படுக்கும். இளவரசருக்குப் பால் காய்ச்சியாச்சா என்று சமையல்காரன் சென்னியப்பன் சீண்டுவான். அவளும் சிரித்துவிடுவாள். சிரிப்பென்று ஒன்று அவளுக்குத் திரும்பி வந்ததே அந்தக் குட்டியால்தான்.

இப்போது அதன் நெற்றிக்கு மேலே, தோலுக்கு அடியில், இரண்டு மேடு. கொம்பு வந்த கிடா கூட்டத்தைத் தேடிக் காட்டுக்குப் போய்விடும் என்று சென்னியப்பன் சொன்னான். இந்தத் தடவை அவன் சீண்டவில்லை.

"அதுக்கு என்னம்மா செய்யணும்?" என்றார் சாமி.

பூவாத்தாள் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள். கன்றுக்குக் கொம்பு முளைக்கும்போதே கம்பியைக் காய்ச்சி அந்த இடத்தைச் சுட்டுவிட்டால் அப்புறம் கொம்பே வராது. மாடு சாதுவாகத் தொழுவத்தில் நிற்கும். அதைத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

பாவம் என்பார், வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தாள். சாமி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய், அடுப்பில் ஒரு கம்பியைச் செருகிவிட்டு வந்தார்.

"நீங்க கூப்பிட்டாத்தான் வரும். கூப்பிடுங்க."

கூப்பிட்டாள். ஓடி வந்து மடியில் முகத்தை வைத்துக்கொண்டது.

மேட்டின் மேல் விரலை வைத்தாள். மெத்தென்ற ரோமம். அதற்குக் கீழே சூடாக என்னவோ துடித்தது. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி இப்படித்தான் துடிக்கும்.

கம்பி சிவந்துவிட்டது. பிடியில் துணியைச் சுற்றி, சாமி அதை அவள் கையில் கொடுத்தார்.

"சுடலைன்னா போயிருமுங்களா, சாமி?"

"போயிரும்."

"அங்கே செந்நாய் இருக்குதுங்களே."

"இருக்குது."

"என்னைத் தேடித் திரும்பி வருமுங்களா?"

"போனது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை."



"அப்ப எனக்கு யாருங்க இருக்கா?"

சாமி அவள் எதிரே வெறும் மண்ணில் உட்கார்ந்தார். மழித்த தலையை அவளுக்கு முன்னால் தாழ்த்தினார்.

"எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க. நான் வாசல்ல நின்னு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன்."

அந்தத் தலையையே பார்த்தபடி இருந்தாள். கையிலிருந்த கம்பி மெல்லக் கறுத்தது. குட்டி எழுந்து போய் வேலியோரம் புல்லைக் கடிக்க ஆரம்பித்தது.

"அந்தம்மா எப்படிங்க பொறுத்தாங்க?"

சாமி தலையை நிமிர்த்தவில்லை.

"பொறுத்தாங்களான்னு நான் போய்க் கேட்கவே இல்லையேம்மா."