மதகுக் கல்லில் ஏறிய தண்ணீர்

இந்தக் கதையை நான் நேரில் கண்டதில்லை. கட்டட இடிபாடு ஏற்றும் லாரியை ஓட்டிய ஒருவர் எங்கள் அலுவலகக் காவலாளி மாசிலாமணியிடம் சொன்னாராம். அவர் எனக்குச் சொன்னார். பறவைகள் பேசியது ஓட்டுநருக்கு எப்படிக் கேட்டது என்று கேட்டேன். "உனக்குக் கதை வேணுமா, சாட்சி வேணுமா?" என்றார். கேட்டபடியே எழுதுகிறேன்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கோரையேரி என்று ஓர் ஏரி. அதில் ஒரு நாமக்கோழி நான்கு குஞ்சுகளோடு வாழ்ந்தது. கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. அதன் குஞ்சுகளுக்கு நீந்தவும் நடக்கவும் தெரியும். பறக்கும் வயது இன்னும் வரவில்லை.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. மதகுக் கல்லில் மூன்று வெட்டுகள் இருந்தன. கோடையில் தண்ணீர் நடு வெட்டுக்குக் கீழே இறங்கினால், மீன்களைத் தவிர எல்லா உயிர்களும் வடக்கே இருக்கும் பெரிய ஏரிக்குக் கிளம்பிவிடும். மழைக்காலத்தில் பெரிய ஏரியின் தண்ணீர் வந்து சேரும் வாய்க்கால்தான் வழி. கோடையிலும் அதில் சேறும் கோரையும் இருக்கும். நாய்களின் கண்ணில் படாமல் நடக்கலாம். கல்லைப் பார்த்துச் சொல்வது நாரையின் பொறுப்பு. அது சொல்லாமல் யாரும் கிளம்பியதில்லை.

அந்த வருடம் நடு வெட்டுக்கு இன்னும் ஒரு விரல் இறங்க வேண்டியிருந்தபோது லாரிகள் வந்தன. உடைந்த செங்கல், கான்கிரீட் துண்டு, குளியலறை ஓடு, பெயிண்ட் ஒட்டிய சுவர் என்று வடகரையில் கொட்டின. ஏரிக்குள் கொட்டிக்கொண்டே முன்னால் வந்தன. பத்து லோடு விழுந்ததும் மேலே ஒரு லோடு செம்மண் பரப்பினார்கள். பார்த்தால் பிறவியிலிருந்தே தரையாக இருந்த இடம் போலத் தெரிந்தது.

நான்காம் நாள் காலை நாரை அறிவித்தது. "தண்ணி ரெண்டு விரல் ஏறியிருக்கு. இந்த வருஷம் யாரும் கிளம்ப வேண்டாம்!"

தவளைகள் கூத்தாடின. நாமக்கோழி மட்டும் கழுத்தைச் சாய்த்து யோசித்தது. "மழை பெய்யல. வாய்க்கால்ல ஒரு சொட்டு வரல. எங்கிருந்து ஏறும்?"

இடிபாட்டுக் குவியலிலிருந்து பெருச்சாளி தலையை நீட்டியது. "மனுஷங்க ஏரிக்குக் கரை கட்டித் தராங்க அக்கா. கரை ஒசந்தா தண்ணி ஒசரும். எனக்குக்கூட அடுக்குமாடி வீடு கெடச்சிருக்கு, பாரு."

"கரை கட்டுறவன் ஏரி ஓரத்துல கட்டுவான். இவன் ஏரிக்குள்ளேயே வர்றானே?"

"நெத்தியில பட்டை இருந்தா ஞானின்னு நெனப்பு" என்றது ஒரு தவளை. எல்லாரும் சிரித்தார்கள்.

நாமக்கோழி சிரிக்கவில்லை. போன வருடம் அதன் முட்டைகள் இரண்டு காணாமல் போன அன்று, இந்தப் பெருச்சாளியின் மீசையில் மஞ்சள் ஒட்டியிருந்ததை அது மறக்கவில்லை. இவனுக்கு எதற்கு நம்மேல் இத்தனை அக்கறை?

அது வடபக்கம் நீந்திப் போய் முங்கியது. வழக்கமாக அங்கே பாசியைத் தொட மூச்சு முட்டும் வரை இறங்க வேண்டும். அன்று பாதி மூச்சிலேயே அலகு ஓட்டில் இடித்தது. தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்திருந்தது. நாக்கில் சுண்ணாம்புக் காரம். கண் எரிந்தது.

அது நாரையிடம் ஓடியது. "மாமா, கல்லைப் பாக்கிறீங்க. அடியைப் பாத்தீங்களா? தண்ணி ஏறல, தரைதான் ஏறுது."

"அடியைப் பாக்கிறது என் வேலை இல்லம்மா. எங்க அப்பா காலத்துலேருந்து கல்லு சொல்றதுதான் சட்டம். நடு வெட்டுக்கு மேல மூணு விரல் தண்ணி நிக்குது. இதுக்கு மேலயும் பயந்தா அது உன் சுபாவம்."

நாமக்கோழிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவேளை நான்தான் வீணாகப் பதறுகிறேனோ? தனியாகக் கிளம்பி, வழியில் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிவிட்டால் யார் பொறுப்பு?

அது தயங்கி நிற்பதைப் பெருச்சாளி பார்த்தது. மெல்லப் பக்கத்தில் வந்தது. "ஒண்ணு செய் அக்கா. குஞ்சுங்களை என் வீட்டு வாசல்ல விட்டுட்டு, நீ மட்டும் பறந்து போய்ப் பெரிய ஏரியைப் பாத்துட்டு வா."

"வர நாளாச்சுன்னா? நீ இங்கேயே இருப்பியா?"

"நான் எங்கே போகப் போறேன்? நாளைக்கு வாய்க்கால் வாயிலயும் நாலு லோடு விழுமாம். வீடு இன்னும் பெருசாகும்."

சொல்லி முடித்த பிறகுதான் பெருச்சாளிக்குத் தன் வாய் தவறியது புரிந்தது.

நாமக்கோழிக்கு அது போதுமாயிருந்தது. நேராகக் குஞ்சுகளிடம் போயிற்று. "கிளம்புங்க. சத்தம் கூடாது." போகிற வழியில் எல்லாரையும் கூப்பிட்டது. ஆமை ஒன்றுதான் எழுந்து வந்தது.

"நீங்க மட்டும் எப்படி நம்பினீங்க அண்ணே?"

"நான் எங்கே நம்பினேன்? பத்து வருஷமா ஒரே பள்ளத்துலதான் தூங்குறேன். தண்ணி தலைக்கு மேல நிக்கும். நேத்து தூங்கி எழுந்தா பள்ளம் செங்கல்லால தூந்திருக்கு, முதுகுல வெயில் அடிக்குது. அது எனக்குப் பிடிக்கல."

நடுப்பகல் வெயிலில், கோரைக்குள் ஒளிந்து ஒளிந்து, அவர்கள் பெரிய ஏரியை அடைந்தார்கள். நான்கு குஞ்சுகளும் உயிரோடு இருந்தன.

மறுநாள் வாய்க்காலின் வாய் மூடப்பட்டது. அதன் மேலும் செம்மண் விழுந்தது. பிறகு ஒரு புல்டோசர் வந்து குவியலை மிதித்துச் சமன் செய்தது. அடுக்குமாடி வீடு அடுக்கடுக்காக நொறுங்கியது. பெருச்சாளி வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஆழமற்றுப் பரந்து கிடந்த தண்ணீர் வெயிலில் மளமளவென்று வற்றியது. மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. ஒரு நாள் காலை தண்ணீர் நடு வெட்டுக்குக் கீழே இறங்கியது. நாரை ஒரு விரலும் தவறாமல் பார்த்து, கடமை தவறாமல் அறிவித்தது. "எல்லாரும் கிளம்புங்க."

தவளைகள் வடக்கே ஓடின. அங்கே வாய்க்கால் இல்லை. செம்மண் மேட்டில் நாய்கள் படுத்திருந்தன. நாரைக்குச் சிறகு இருந்தது, பறந்துவிட்டது.

கதையைக் கேட்ட பிறகு எனக்கும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரு வாளியில் பாதி தண்ணீர் ஊற்றி, கரியால் கோடு போட்டு, உடைந்த கான்கிரீட் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு மேலே மூன்று விரல் ஏறியது. துண்டுகளை எடுக்காமல் அந்த வாளியை நிரப்பியபோது, அது வழக்கமாகப் பிடிக்கும் அளவு தண்ணீரைப் பிடிக்கவில்லை.

அளவு கூடிவிட்டது என்று மகிழ்வதற்கு முன், அது எதனால் கூடியது என்று கேட்பவரே பிழைப்பார்.