மூன்று பேருக்கு ஒரு ஜாடி

இத்தாலிக்கு அந்தப் பெயர் வருமுன்னே அதன் மேற்குக் கடலோரத்தில் எட்ருஸ்கர்கள் மது வடித்தார்கள். பந்தல் கிடையாது. திராட்சைக் கொடியை மேப்பிள் மரத்துக்குக் கல்யாணம் கட்டிவைத்து, மரத்தின் மேலேயே ஏறவிடுவார்கள்.

அப்படி இருபது ஜோடி வளர்த்தவன் வேல்தூர். தொண்டையைச் செருமாமல் பேசமாட்டான். மது கசியாமலிருக்க ஊரார் மண்ஜாடிக்குள் பிசின் பூசுவார்கள். அவனோ, "க்கும்... பிசின் பூசினா பழத்து வாசம் செத்துப்போகும்" என்பான். அறுவடைதோறும் முதல் கோப்பையை மனைவியின் கல்லறையில் ஊற்றுவான். "க்கும்... அவளும் உட்கார்ந்துட்டா. இனி குடிக்கலாம்."

கடைசியாக ஒரு ஜாடியை மூடி, பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கினான்: "மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து குடிங்க." பிறகு கண்ணை மூடினான்.

அடுத்த மழைக்காலத்தில் கடல் உள்ளே புகுந்தது. ஒரு கொடி மிஞ்சவில்லை. மூத்தவன் லார்த், தனியாக ஒரு மிடறுகூடக் குடிக்காதவன், கப்பலேறிப் போய்ப் பிணமாகத் திரும்பினான். எட்ருஸ்கர் கல்லறை வீடு மாதிரி இருக்கும். கல்லிலேயே கட்டில், தலையணை. அதில் கிடத்தினார்கள்.

ஏழு வருஷம் போயிற்று. அப்பனின் தோட்டத்து வாசம் அந்த ஒரு ஜாடியில்தான் இருந்தது. அன்று இருவர் தூக்கியதை இன்று மகள் ராம்தா ஒரு கையால் தூக்கினாள்.

"தம்பி, கல்லறைக்கே போய் அண்ணனோட உட்கார்ந்து குடிப்போம்."

இளையவன் அவ்லே மூக்கால் இழுத்தான்: "செத்தவரு எப்படிக்கா உட்காருவாரு? சத்தியம்னா சத்தியம். திறக்கவே வேணாம், அப்படியே இருக்கட்டும்."

லார்த்தின் மனைவி ஹாஸ்தியாவுக்குக் குரல் எழும்பாது, பிடிவாதம் எழும்பும். "அவர் பக்கத்துலயே வச்சு மூடிடுங்க. ஏழு வருஷமா தொண்டை காஞ்சு கிடக்கார்."

"அண்ணனுக்கா அண்ணி? போகும்போதே மூணு ஜாடி வயித்துக்குள்ள இருந்துச்சே" என்றாள் ராம்தா.

ஹாஸ்தியாதான் முதலில் சிரித்தாள்.

ஜாடி ஒன்று, திறப்பதும் ஒரே முறை. மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ராம்தா. பிசின் பூசாத ஜாடி வருஷா வருஷம் கசிந்தது. அவ்லே சொன்னபடி திறக்காமல் விட்டால் வெறும் மண்தான் மிஞ்சும். ஹாஸ்தியா சொன்னபடி வைத்தால் லார்த் தனியாகக் குடிக்க வேண்டும். வேல்தூருக்கோ, செத்தவர்களும் பந்தியில் உட்காருகிறவர்கள்தான்.

கல்லறைக்குள் போய்த் திறந்தபோது மூன்றே கோப்பை தேறியது. மூன்றாவதில் பாதியை ஹாஸ்தியா கல்கட்டிலில் ஊற்றினாள். மீதியோடு அருகில் உட்கார்ந்தாள். அவ்லே தொண்டையைச் செருமினான்.

"க்கும்... அண்ணனும் உட்கார்ந்துட்டாரு. இனி குடிக்கலாம்."

அப்பன் குரல், அப்படியே.