கிணற்றடி வேலை

மலையடிவாரத்தில் பதினான்கு குடும்பங்கள் ஒரே சமையலறையில் ஆக்கிச் சாப்பிட்டு ஒன்றாக வாழ்ந்து வந்தன. யாருக்கு என்ன வேலை என்பதைக் குரு நாச்சியாரம்மாள் சொல்வார். சொன்னதை யாரும் தட்டியதில்லை.

புஷ்பவனம் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குருவின் முதல் சீடரும் அவர்தான். மூன்று வருடமாகக் கிணற்றடியில் அண்டாக்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் துலக்கிய அண்டாவில் முகம் பார்க்கலாம்.

தை மாதத்தில் திலகவதி என்ற ஆசிரியை புதிதாக வந்து சேர்ந்தாள். அவளுக்குக் காய் நறுக்கும் வேலை. அதுவும் குருவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து. அவர்கள் சிரிப்பது கிணற்றடி வரைக்கும் கேட்கும். கேட்கும்போதெல்லாம் புஷ்பவனம் ‘நேத்து வந்தவ’ என்று முணுமுணுத்துக்கொண்டு தேங்காய் நாரை இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குருவிடமே போய் நின்றார்.

“அம்மா, எனக்குக் கரி, அவங்களுக்கு உங்க பக்கத்துல இடம். இது நியாயமா?”

“நாளைக்கு நீங்க காய் நறுக்க வாங்க. திலகவதி பாத்திரம் தேய்க்கட்டும்” என்றார் குரு.

மறுநாள் காலை புஷ்பவனம் குளித்து, வெள்ளை வேட்டி உடுத்தி, குருவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முன்னால் வாழைப்பூ. ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுக்க வேண்டும். ஆனால் அவர் கண்ணெல்லாம் கிணற்றடியில்தான் இருந்தது.

திலகவதிக்கு அண்டாவைச் சாய்க்கவே தெரியவில்லை. வழியே போன ஒருவர் பிடித்துக் கொடுத்தார். இன்னொருத்தி நாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அங்கே ஐந்து பேர். தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஒரே சிரிப்பு.

புஷ்பவனத்தின் கை நின்றுவிட்டது. அவர் கள்ளனை எடுக்காமல் போட்ட பூக்களைக் குரு ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

“பாத்தீங்களாம்மா? மூணு வருஷத்துல எனக்கு ஒரு ஆள் ஒத்தாசைக்கு வந்ததில்ல. இவங்களுக்கு ஒரே நாள்ல அஞ்சு பேர்!”

“ஒருத்தர்கூடவா வரல?”

புஷ்பவனம் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார்.

“முதல் வருஷம் வந்தாங்க.”

“அப்புறம்?”

“ஒழுங்காத் தேய்க்க மாட்டாங்கம்மா. விளிம்புல கரி அப்படியே இருக்கும். நான் திரும்பத் தேய்க்கணும். அதான், வேணாம்னு அனுப்பிட்டேன்.”

குரு கடைசிப் பூவையும் சுத்தம் செய்து முடித்துக் கையைத் துடைத்தார்.

புஷ்பவனம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நாளைக்கு எனக்கு என்ன வேலைம்மா?”

“கிணற்றடிதான்.”

“சரிம்மா.”

“ஆனா நீங்க நாரைத் தொட வேண்டாம். தேய்க்கிறவங்களுக்குத் தண்ணி இறைச்சுக் கொடுங்க.”