உள்சுவர்

“சாமி, கல்லோட குடும்பம் நடத்த முடியுங்களா?”

துளசிமணி கேட்டாள். சாமி மடத்துத் திண்ணையில் கிழிந்த குடையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“எந்தக் கல்?”

“என் வீட்டுக்காரர்தானுங்க. பெத்த பொண்ணை மண்ணுல வெச்சுட்டு வந்தோம். அன்னைக்கும் அழல. இன்னைக்கும் அழல. ஃபவுண்டரிக்குப் போறாரு, வர்றாரு, சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறாரு. நானும் விடிஞ்சா பொழுதுபோனா கேக்கறேன், நீயெல்லாம் ஒரு அப்பனான்னு. ஒரு சொட்டு வரணுமே!”

“ம்.”

“எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாம்னு பெட்டி கட்டிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிடுவேன்.”

“ஃபவுண்டரியில உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?”

“இரும்பு உருக்கறது.”

“எந்த உலையில?”

“உலைன்னா உலைதானுங்களே. அதுல என்ன எந்த உலை?”

“போய்க் கேட்டுட்டு வா.” சாமி நூலைப் பல்லால் கடித்தார்.

இதென்ன கூத்து என்று முனகிக்கொண்டே போனாள்.

அவளை ஃபவுண்டரி வாசலில் பார்த்ததும் புருஷன் நாச்சிமுத்து பதறினார். “என்ன அம்மிணி, யாருக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. உலையில எத்தனை வகைன்னு சாமி கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

பெண் போன நாளிலிருந்து சரியாக வாய் திறக்காத மனிதர், விளக்கிப் பேசினார்.

“பெரிய ஆலையில ஆர்க் உலை. கரித்தண்டுல இருந்து மின்னல் மாதிரி அடிக்கும். அது உருக்கறது ஊருக்கே கேக்கும்.”

“என்னையாட்டம்.”

அவர் சிரிக்கவில்லை.

“அந்த மூலையில இருக்கறது கம்பி உலை. சுத்தியும் ஹீட்டர் கம்பி காயும். அலுமினியம் சத்தமில்லாம இளகும்.”

“இது?”

“இது சுருள் உலை. சுத்தியும் செம்புக் குழாய், குழாய்க்குள்ள பச்சைத் தண்ணி. தீயே கிடையாது. இரும்பு தனக்குள்ளயே காய்ஞ்சு உருகும்.”

“எது ஒசத்தி?”

“எதை உருக்கறோம்கறதைப் பொறுத்தது.”

துளசிமணி சுருள் உலையின் மேடையேறி உள்ளே எட்டிப் பார்த்தாள். பழைய இரும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பாக, அசைவில்லாமல் கிடந்தன.

“இன்னும் உருகவே இல்லியே. கரண்டைக் கூட்டி வைங்க.”

நாச்சிமுத்து பார்த்தார். பாய்ந்து போய்க் கரண்டை நிறுத்தினார்.

“தள்ளிப் போ!”

“ஏனுங்க, உருகாததுக்கு...”

“மேலதான் ஒட்டி மூடியாட்டம் நிக்குது. அடியில கொதிக்குது, அம்மிணி. போக வழியில்லாம உள்சுவத்தைத் தின்னுட்டிருக்குது. இன்னும் கரண்ட் குடுத்தா சுவரே ஓட்டையாயிரும்.”

உலையை மெல்லச் சாய்த்தார். காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அடியில் உருகியிருந்தது ஏறி வந்து கறுப்பைத் தொட்டது. ஓரத்தில் சிறிதாக ஒரு சிவப்புப் பொத்தல் விழுந்தது.

“பாதிச் சுவர் போயிருக்கும்” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

துளசிமணி அந்தக் கறுப்பு மூடியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை நாளாக உள்ளே கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மடத்துக்கு ஓடினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள்.

“நான் என்ன பண்ணட்டும், சாமி?”

“சுவர்?”

“பாதி போச்சுங்களாம்.”

“மீதி?”

“இருக்குதுங்க.”

“அப்புறம் இங்கே எதுக்கு வந்தே?”